பச்சை டபுள் கேப்பின் மூளை

நட்டும் போல்ட்டும் போட்டு வைக்கிற தகரத் தட்டில் ஒரு பல் கிடந்தது.

வேரோடு வந்த பல். அதைக் கண்டதும் என் நாக்கு தானாகவே வாய்க்குள் ஒரு சுற்றுப் போய், நம்முடையதெல்லாம் பத்திரமா என்று பார்த்துவிட்டு வந்தது. பக்கத்தில் நின்ற அழகம்மா குனிந்து பார்த்தார்.

"அவரோடதுதான் மிஸ். வெத்தலைக் கறையைப் பாருங்க" என்றார். அப்படியே எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கந்தப்பளை பஜாரின் கடைசியில் இருக்கிறது அந்தக் கராஜ். அழகம்மாவின் புருஷன் சின்னராசாதான் அங்கே மெக்கானிக். தட்டுக்குக் கீழே ரத்தம் குட்டையாகத் தேங்கி, அங்கிருந்து பின்கதவு வரைக்கும் இழுபட்டிருந்தது. ஒரு மனுஷனைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் அப்படித்தான் கோடு விழும்.

"கோகுல், கோட்டை மிதிக்காதடா" என்றார் சுலக்ஷனா மிஸ்.

மிஸ் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்துச் சொல்கிற வேலை செய்தவர். பொய்யாகக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மேசையைத் தட்டிவிட்டு வந்து, ஹட்டனில் ஒரு பேக்கரி மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டிருக்கிறார். நான் கோகுலராஜ். த்ரீவீல் ஓட்டுவது, வாய் பேசுவது, அடி வாங்குவது ஆகிய மூன்று இலாகாவும் என் பொறுப்பில் இருக்கின்றன. மூன்றாவது இலாகாவில்தான் வேலை அதிகம்.

முந்தின நாள் சாயந்தரம் சின்னராசா மிஸ்ஸுக்குப் போன் போட்டிருந்தார். "மிஸ், துஷாந்தைக் கொன்ன வண்டி என் கராஜுக்குள்ளயே நிக்குது. கியர்பொக்ஸைக் கழட்டித் தொங்கவிட்டுட்டேன், எவனும் ஓட்டிட்டுப் போக முடியாது. காலையில வந்துருங்க."

துஷாந்த் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்த பையன். மூன்று மாதத்துக்கு முன்னால் இறம்பொடை வளைவுக்குக் கீழே, மோட்டார் சைக்கிளோடு செத்துக் கிடந்தான். பிரேக் பிடிக்கவில்லை என்று ஊரே சொன்னது. அந்தப் பிரேக்கை அந்த வாரம்தான் சின்னராசா மாற்றிக் கொடுத்திருந்தார். அப்புறம் என்ன, கராஜ் கதவில் யாரோ தாரால் 'கொலைகாரன்' என்று எழுதினார்கள். துஷாந்தின் தாய் அம்மாக்கண்ணு பஜார் நடுவில் நின்று, ஒரு பிடி மண்ணை வாரிச் சின்னராசாவின் முகத்தில் தூற்றினார். அன்றோடு வண்டிகள் வருவதும் நின்றுபோனது.

நேற்று வந்தது ஒரே ஒரு வண்டி. பச்சைப் பெயின்ட் அடித்த, இருபது வருஷப் பழைய ஜப்பான் டபுள் கேப், இரண்டு வரிசை சீட்டும் பின்னால் சாமான் தட்டும் வைத்த வண்டி. கினிகத்தேனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் பிரதாபன் அதை அண்மையில்தான் பழைய வண்டி விற்கிற ஒரு யார்டில் வாங்கினாராம். லீக்ஸ் மரக்கறி ஏற்றப் போகிற வழியில், கொட்டுகிற மழையில் கராஜுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. பச்சைக்கு அடியில் வெள்ளைப் பெயின்ட். முன் பம்பருக்குள்ளே சிவப்புப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று சிக்கியிருந்தது. அது துஷாந்துடைய பைக்கின் பின் லைட். உடைந்த அந்த லைட்டை ஒரு தடவை பசை போட்டு ஒட்டிக் கொடுத்ததும் சின்னராசாதான். தான் போட்ட பசையை அவருக்குத் தெரியாதா?

"பின் லைட்டு எப்படி மிஸ் இன்னொரு வண்டியோட முன் பம்பருக்குள்ள போகும்?" என்றேன்.

"பின்னால வந்து இடிச்சாப் போகும்" என்றார் மிஸ்.

அப்போது சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது. வந்தவர் நாகலிங்கம் முதலாளி. பஜாரில் வாகன உதிரிப்பாகக் கடை அவருடையது. கராஜ் கட்டடமும் அவருடையதுதான். ஊரே சின்னராசாவை ஒதுக்கியபோது இடத்தைக் காலி பண்ணச் சொல்லாத ஒரே மனுஷன். நெற்றியில் செந்தூரம், கையில் பிளேன்டீ பிளாஸ்க்.

"குடிம்மா அழகம்மா. பொலிசுக்குச் சொல்லியாச்சு. நுவரெலியா ரோட்டுல மண்சரிவாம், வந்துக்கிட்டிருக்காங்க. எந்தப் பாவி செஞ்ச வேலையோ!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பிளேன்டீயில் எனக்கும் ஒரு பங்கு கிடைக்கும் என்று கையை நீட்டினேன். அதற்குள் அழகம்மாவின் போன் அடித்தது. திரையில் புருஷன் பேர்.

"என்னாங்க? எங்க இருக்கீங்க?" என்று அலறினார் அழகம்மா. மிஸ் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

முதலில் ஒரு அடி கேட்டது. ஈரச் சாக்கைக் கட்டையால் அடிப்பது போன்ற சத்தம். அதன் பின்னால் ஒரு மனுஷனின் முனகல். பிறகு முகம் தெரியாத குரல்: "அந்த வண்டியோட கம்ப்யூட்டர் எங்க? உன் புருஷன் வாயைத் தொறக்க மாட்டேங்கிறான். தேடி எடுத்து மேசையில வச்சுட்டு எல்லாரும் வெளியில போயிரணும். ஃபெக்டரியில மத்தியானச் சங்கு ஊதி முடியிறப்ப அது எங்க கையில இல்லாட்டி, இவனைத் துண்டு துண்டா கேரட் கழுவுற ஓடையில பொறுக்கிக்க."

மறுபடியும் அடி. இந்தத் தடவை எலும்பு முறிகிற சத்தம். போன் செத்தது.

அழகம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஆடினார். நாகலிங்கம் முதலாளியின் கண்ணில் தண்ணீர். "மிஸ், உயிரை விடவா ஒரு பெட்டி பெரிசு? எங்கேயாவது இருந்தாத் தேடிக் குடுத்துருங்க. நான் மண்சரிவு வரைக்கும் போய்ப் பொலிசை நடத்தியாவது கூட்டிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நாங்கள் வண்டிப் பக்கம் திரும்பினோம். வண்டியா அது! சில்லுகள் நான்கும் கழன்று, கட்டைகள்மேல் நின்றது. கண்ணாடிகள் தூள். சீட்டுகளைக் கத்தியால் கிழித்துப் பஞ்சைப் பிய்த்திருந்தார்கள். ரேடியோ இருந்த இடத்தில் ஓட்டை. கூரைத் துணி குடலாகத் தொங்கியது. உத்திரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்ட கியர்பொக்ஸ் மட்டும் மேலே நின்று இந்த அநியாயத்தை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

"மிஸ், என்ஜினுக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்? படம் பார்க்கவா?"

"எவ்வளவு பெட்ரோல் ஊத்தணும், எப்போ நெருப்புப் போடணும்னு சொல்றது அதுதான்டா. கையளவு தகரப் பெட்டி. பழைய டீசல் கேப்புல அது கிடையவே கிடையாது. சில வண்டியில பொனட்டுக்குள்ள இருக்கும், சிலதுல சீட்டுக்கு அடியில. இந்த ஜாதி ஜப்பான் வண்டியில இடது பக்கம் காலடியில, ஓரத் தகட்டுக்குப் பின்னால."

"என் த்ரீவீலுக்கு மூளை எங்க மிஸ் இருக்கு?"

"அதுக்கும் இல்ல, ஓட்டுறவனுக்கும் இல்ல. இங்க பாரு."

இடது பக்கக் காலடியைக் காட்டினார். அங்கே ஓரத் தகடு பக்குவமாகக் கழன்றிருந்தது. திருகாணிகள் ஒன்று விடாமல் பக்கத்தில் வரிசையாக இருந்தன. உள்ளே வெறும் தாங்கி மட்டும், பெட்டியைக் காணோம்.

"இவ்வளவு வெறி பிடிச்ச பயலுக இந்த இடத்துல மட்டும் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து திருகாணி கழட்டியிருக்கானுக. ஏன்? எந்த இடம், எப்படிக் கழட்டணும்னு யாரோ சொல்லி அனுப்பியிருக்காங்க. திறந்து பார்த்தா வெறுமை. அப்புறம்தான் வெறி ஏறி மத்ததை எல்லாம் உடைச்சிருக்கானுக."

"அப்ப பிரதாபன்தான். வண்டிக்காரனுக்குத்தான் தன் வண்டியோட வயிறு தெரியும்."

"மடையா, பிரதாபன் வந்து வண்டியைக் குடுன்னு கேட்டா சின்னராசா குடுத்திருப்பாரு. அவர் எதுக்குத் தன் வண்டியையே உடைக்கிறாரு?"

அதுவும் சரிதான். நான் டாஷ்போர்டைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தபோது ஏதோ கண்ணில் குத்தியது. மீற்றர் ஓரத்தில் கடுகளவு சிவப்பு லைட் ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. மினுங்கும், அணையும், மினுங்கும்.

"மிஸ், இவ்வளவு அடி வாங்கியும் இந்த லைட்டு மட்டும் கண்ணடிக்குது. என்னைத்தானோ?"

சுலக்ஷனா மிஸ் என் தோளைப் பிடித்து விலக்கிவிட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் அன்றுதான் முதல் தடவையாகக் கண்டேன்.

"கோகுல், உன்னை இன்னைக்கு அடிக்க மாட்டேன். இது திருட்டுக் காவல் லைட்டு. இதை மினுங்க வைக்கிறதே அந்தக் கம்ப்யூட்டர்தான். மூளை வண்டிக்குள்ளயே இருக்கு. வயரோட, உயிரோட இருக்கு."

"அதுதான் தாங்கி காலியா இருக்கே!"

"இந்த ஊர் மழை கண்ணாடி றப்பர் வழியா எறங்கி, அது தலையிலதான் ஊத்தும். அதனாலதான் வண்டி நின்னிருக்கு. சின்னராசா அதைத் துடைச்சு, வயரை நீட்டி, நனையாத ஒரு இடத்துல ஏத்தி வச்சிருக்காரு. இந்தக் கேப்புல நனையாத இடம் எது? அடி வாங்காத இடம் எது?"

பார்த்தேன். டாஷ்போர்டுக்கு மேலே நடுவில், திருகாணி போட்டு இறுக்கிய சின்ன மரப் பெட்டி. கண்ணாடிக் கதவு. உள்ளே இறம்பொடை ஆஞ்சநேயர் படம், காய்ந்த மாலை, சூடத் தட்டு. சுற்றிலும் எல்லாம் சுக்குநூறாகிக் கிடக்க, அந்தக் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. உதிர்ந்த பஞ்சைக்கூட யாரோ கையால் தட்டிவிட்டிருந்தார்கள்.

ஒருத்தன் பல்லைப் பிடுங்கிய கை சாமிப் பெட்டியைத் தூசி தட்டியிருக்கிறது. அட பக்திமான்களே!

நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, கன்னத்தில் போட்டுக்கொண்டு படத்தை நகர்த்தினேன். ஆஞ்சநேயருக்குப் பின்னால், பொலித்தீனில் சுற்றியபடி, வயர்க் கொத்து செருகிய தகரப் பெட்டி உட்கார்ந்திருந்தது.

"ஐயோ, குடுங்க மிஸ்! கொண்டு போய்க் குடுத்துருவோம்!" அழகம்மா பாய்ந்து வந்து பெட்டியைப் பிடித்தார். மிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குடுத்தா அவரை உயிரோட விடுவாங்கன்னு நெனைக்கிறீங்களா? அவர் முகத்தைப் பார்த்துட்டாரு, குரலைக் கேட்டுட்டாரு. பெட்டி கைக்குப் போன அடுத்த நிமிஷம் அவர் வேணாம் அவங்களுக்கு. அவரைக் காப்பாத்தணும்னா யாருன்னு கண்டுபிடிக்கணும். அதை இந்தப் பெட்டியே சொல்லும்."

அழகம்மா பெட்டியை விட்டார். ஆனால் அவர் கண் அதை விடவில்லை.

"எப்படிச் சொல்லும்?" என்றேன். "வாயா இருக்கு?"

"இந்த மூளை, தனக்குப் பழக்கின சாவிக்கு மட்டும்தான் கட்டுப்படும். சாவித் தலைக்குள்ள ஒரு சின்ன எலக்ட்ரோனிக் சிப் இருக்கு. அந்தச் சாவி கிட்ட வந்தா லைட்டு அணைஞ்சிரும். இதுக்கு ரெண்டு சாவி பழக்கியிருக்குன்னு சின்னராசா நேத்தே சொன்னாரு. ஒண்ணு பிரதாபனுக்கு வந்தது. அந்தா ஆணியில தொங்குது. மத்தது கொலைகாரன்கிட்ட."

"அவன் அதை எப்பவோ ஆத்துல எறிஞ்சிருப்பான்."

"எறிஞ்சிருந்தா இந்தப் பெட்டியைத் தேடி ஒரு மனுஷனோட பல்லைப் பேத்திருக்க மாட்டான்டா."

ஆணியில் தொங்கிய சாவியை எடுக்கத் திரும்பினேன். பின்னாலிருந்து ஒரு இரும்புக் கம்பி என் விலாவில் இறங்கியது.

உள்ளே ஏதோ முறிந்தது எனக்கே கேட்டது. விழுந்தேன். மேலே பார்த்தால் சோலைமலை நின்றான். மரக்கறி மூட்டை ஏற்றுகிற ஆள். ஆள் என்ன, மூட்டைக்கே கை கால் முளைத்த உருவம். மணிக்கட்டில் கோயில் சிவப்புக் கயிறு. அதற்குக் கீழே, விரல் முட்டிகளில் காய்ந்த ரத்தம்.

"பெட்டி கெடைச்சிருச்சுல்ல? வழி விடு பொம்பளை" என்றான் மிஸ்ஸைப் பார்த்து.

மிஸ் வழி விட்டார். பின்னால் நகர்ந்து நகர்ந்து தூண் ஓரம் போய் நின்றார். அவன் வண்டிக்குள் ஏறப் போனவன், சாமிப் பெட்டி திறந்திருப்பதையும், ஆஞ்சநேயருக்குப் பின்னால் வயர் தெரிவதையும் கண்டு ஒரு நிமிஷம் திகைத்தான். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், செருப்பைக் கழற்றக் குனிந்தான்.

அந்த நேரத்தில் மிஸ் தூணில் கட்டியிருந்த கயிற்றை உருவிவிட்டார்.

கியர்பொக்ஸ் நேராக அவன் வெறுங்காலில் விழுந்தது. அவன் போட்ட சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. அப்படியும் விடாமல் கம்பியைச் சுழற்றினான். அது தோளில் பட்டு, மிஸ் சுவரில் மோதினார். நான் தவழ்ந்து போய் அவன் கையைக் கடித்தேன். என் பற்கள் எல்லாம் இருக்கிற நேரத்திலேயே பயன்படுத்திவிட வேண்டுமில்லையா? கம்பி விழுந்தது. மிஸ் அதை எடுத்து அவன் தொண்டையில் குறுக்காக அழுத்தினார்.

"சின்னராசா எங்க? யாரு உன்னை அனுப்பினது?"

அவன் ரத்தமாகத் துப்பினான். "சொல்ல மாட்டேன். அனுமார் மேல சத்தியம் பண்ணியிருக்கேன்."

"டேய், பாதம் கூழாகியும் சத்தியமா?" என்றேன்.

"சத்தியம் சத்தியம்தான்" என்றான் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு.

மறுபடியும் சாவிக்கொத்து குலுங்கியது. நாகலிங்கம் முதலாளி மூச்சு வாங்க உள்ளே ஓடி வந்தார். "என்ன சத்தம்? அடப்பாவி, சோலைமலையா? நீயா? பொலிஸ் இன்னும் மண்ணுக்கு அந்தப் பக்கம்தான் மிஸ்... பெட்டி கெடைச்சிருச்சா?"

"கெடைச்சிருச்சு முதலாளி" என்றார் மிஸ். வண்டியின் சாரதி சீட்டில், கிழிந்த பஞ்சின்மேல் உட்கார்ந்துகொண்டார். "முதல்ல இவனைக் கட்டிப் போடணும். உங்க கடையில கயிறு இருக்குமா? சாவியைக் குடுங்க, அழகம்மா போய் எடுத்துட்டு வரட்டும்."

"கயிறு இங்கேயே கெடக்குதே மிஸ்..." என்று நான் தொடங்கினேன். கதவுக்கு வெளியே நீண்டிருந்த மிஸ்ஸின் கால் என் பாதத்தை நசுக்கியது.

முதலாளி இடுப்பிலிருந்து கொத்தை உருவி நீட்டினார். கடைச் சாவி, ஸ்டோர் சாவி, பெட்டகச் சாவி, எத்தனையோ. நடுவில் கறுப்புத் தலை வைத்த ஒரு சாவியில் சிவப்புக் கயிறு சுற்றியிருந்தது. கயிற்றில் செந்தூரம்.

மிஸ் கொத்தை வாங்கினார். அழகம்மாவிடம் கொடுக்கவில்லை. அப்படியே ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், சாவித் துவாரத்தோடு ஒட்டி வைத்தார்.

சிவப்பு லைட் அணைந்தது.

எடுத்தார், மினுங்கியது. வைத்தார், அணைந்தது. எசமானைக் கண்டதும் குரைப்பை நிறுத்துகிற நாய் மாதிரி, அந்தச் செத்துப்போன வண்டி வாயை மூடிக்கொண்டது.

வலியில் முனகிக்கொண்டிருந்த சோலைமலைகூட முனகலை நிறுத்தினான்.

"வண்டியே இல்லாத ஆளுக்கு இந்த வண்டியோட சாவி எதுக்கு முதலாளி?" என்றார் மிஸ். "திருகாணி கழட்டச் சொல்லிக் குடுத்ததும் நீங்கதான். உதிரிப்பாகம் விக்கிறவருக்கு இடம் தெரியாதா? கொன்ன வண்டி கெடைச்சதையும் ரெண்டாவது சாவி இருக்கிறதையும் சின்னராசா உங்களை நம்பிச் சொல்லியிருக்காரு."

நாகலிங்கத்தின் முகத்திலிருந்து அழுகை வழிந்து இறங்கிப் போனது. அதற்கு அடியில் வேறு ஒரு முகம் இருந்தது.

"ஹம்சினி என் ஒரே மக" என்றார் அமைதியாக. "லயத்துப் பயல் அவ கையைப் புடிச்சுக்கிட்டு ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணப் போறானாம். நான் பார்த்துக்கிட்டு இருக்கணுமாம். யாருக்கும் தெரியாம ஒரு வெள்ளை டபுள் கேப்பை வாங்கி, இறம்பொடை வளைவுல பின்னால வச்சுத் தள்ளினேன். அவன் பிரேக்கை அழுத்திப் புடிச்சான். நல்லாத்தான் புடிச்சிச்சு. ரோட்டுல கறுப்பா டயர் கோடு விழுந்துச்சு. நான்தான் விடல. பள்ளம் வரைக்கும் தள்ளினேன். மழை பேஞ்சு கோடும் அழிஞ்சிருச்சு. வண்டிக்குப் பச்சை அடிச்சு யார்டுல வித்துட்டேன்."

"பிரேக் புடிக்கலன்னு கதையைக் கட்டினதும் நீங்கதான்."

"ஆமா."

எனக்கு ரத்தம் கொதித்தது. "இந்தச் சாவியை மட்டும் ஏன்யா வச்சிருந்த? தூக்கி எறிஞ்சிருந்தா இன்னைக்கு நீ நல்லவன்!"

அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஆஞ்சநேயர் காலடியில வச்சு, பூசை போட்டு வாங்கின சாவி தம்பி. அதை எப்படி எறியிறது?"

கொலை பண்ணப் போகிற வண்டிக்கும் பூசை! நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முதுகுப் பக்கமிருந்து கவ்வாத்துக் கத்தியை உருவிவிட்டார். தேயிலைச் செடியை ஒரே வெட்டில் சாய்க்கிற கத்தி. முதல் வீச்சு மிஸ்ஸின் முன்கையைக் கிழித்தது. ரத்தம் ஸ்டியரிங்கில் தெறித்தது. நான் முறிந்த விலாவோடு அவர் இடுப்பில் பாய்ந்தேன். கத்திப் பிடியால் என் மண்டையில் இடித்தார். கண்ணுக்குள் ஆயிரம் சிவப்பு லைட் மினுங்கின. கீழே கிடந்த என்மேல் கத்தி ஓங்கியது தெரிந்தது.

அது இறங்கவில்லை. அழகம்மா வீல் ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து அவர் முழங்கையில் விட்டார். கை தப்பான பக்கத்துக்கு மடங்கியது. அடுத்த அடி முழங்காலில். அவர் விழுந்தார்.

"நாங்களும் லயம்தான் முதலாளி" என்றார் அழகம்மா. மூன்றாவது அடியைத் தலைக்கு ஓங்கினார்.

அப்போது சங்கு ஊதத் தொடங்கியது.

தேயிலை ஃபெக்டரியின் மத்தியானச் சங்கு. அழகம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. "ஊதி முடியிறப்ப" என்று போனில் சொன்ன குரல் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

"எங்க வச்சிருக்க?" என்று மிஸ் கத்தினார். நாகலிங்கம் சிரித்தார். "தேடுங்க."

மிஸ் தேடவில்லை. தரையில் பின்கதவு வரைக்கும் போயிருந்த ரத்தக் கோட்டைப் பார்த்தார். கையிலிருந்த கொத்தைப் பார்த்தார். பின்கதவுக்கு வெளியே முற்றம், முற்றத்துக்கு அந்தப் பக்கம் முதலாளியின் உர ஸ்டோர். "கொத்துலயே இருக்கு. கோகுல், எழும்பு!"

எழும்பினேன். எப்படி என்று கேட்காதீர்கள். மூடுபனிக்குள் மூன்று பேரும் ஓடினோம். சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. முதல் சாவி பொருந்தவில்லை. இரண்டாவதும் இல்லை. அழகம்மா "கடவுளே, கடவுளே" என்று கதவை நகத்தால் பிராண்டினார். சங்கின் சத்தம் தாழத் தொடங்கியபோது மூன்றாவது சாவி திரும்பியது.

உள்ளே இருட்டு, உர நெடி. முதுகு காட்டி நின்ற ஒருவன், சாவிச் சத்தம் கேட்டுத் திரும்பாமலே, "முடிச்சிரவா முதலாளி?" என்றான். அவன் கையில் கோடாலி இருந்தது.

"முடிச்சாச்சு" என்றேன். கதவு மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்து அவன் பிடரியில் ஒன்று போட்டேன். மூட்டைகளுக்கு நடுவில் மூட்டையாகச் சாய்ந்தான்.

தூணோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள் சின்னராசாவை. முகம் என்று ஒன்று இல்லை, வீக்கம்தான் இருந்தது. இடது கை விரல்கள் திசைக்கு ஒன்றாகப் போயிருந்தன. தலை தொங்கியது. அழகம்மா அந்தத் தலையை நிமிர்த்தித் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "என்னாங்க, என்னாங்க" என்றார். பதில் இல்லை. மிஸ் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். நான் கயிற்று முடிச்சை அவிழ்த்தேன்.

பிறகு அவர் இருமினார். ரத்தம் வந்தது, கூடவே மூச்சும் வந்தது.

"பெட்டி?" என்றார்.

"பத்திரமா இருக்கு. ஆள் யாருன்னும் சொல்லிருச்சு" என்றார் மிஸ். "ஏன் சின்னராசா, இவ்வளவு அடி வாங்கிட்டு வாயைத் தொறக்காம இருந்தீங்க? சாமிப் பெட்டின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

உடைந்த வாயால் அவர் மெதுமெதுவாகப் பேசினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் வலித்தது, பார்த்தாலே தெரிந்தது.

"அது போயிருந்தா... நான் சாகிற வரைக்கும் கொலைகாரன்தான் மிஸ். அம்மாக்கண்ணு அக்காவை வரச் சொல்லுங்க. அவங்க மகனுக்கு நான் போட்ட பிரேக்கு... புடிச்சிச்சுன்னு சொல்லணும்."

மண்சரிவைத் தாண்டி பொலிசும் ஆம்புலன்ஸும் வந்து சேர்ந்தபோது, மலையிலிருந்து அம்மாக்கண்ணுவும் வந்துவிட்டார். கொழுந்துக் கூடை முதுகிலேயே இருந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் பக்கத்தில் குனிந்து, சின்னராசா சொன்னதை முழுக்கக் கேட்டார். நாகலிங்கத்தை விலங்கு போட்டு இழுத்துக்கொண்டு போனதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கூடையை இறக்கி வைத்தார். கராஜுக்குள் போய், மேசைக்கு அடியிலிருந்து மண்ணெண்ணெய்ப் போத்தலையும் ஒரு பழைய துணியையும் எடுத்துக்கொண்டு வந்தார். தாரால் எழுதியிருந்த அந்தக் கதவுக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். வாய்விட்டு அழுதுகொண்டே தேய்க்கத் தொடங்கினார்.

தார் லேசில் போகாது. அழகம்மா ஆம்புலன்ஸில் ஏறுவதற்கு முன்னால் ஓடி வந்து, "விடுங்கக்கா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கையைப் பிடித்தார். அவர் விடவில்லை. நான் இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.